பெரியப்பா செத்ததாக வந்த கடிதம்

நான் இதுவரை ஒரு கப்பலில்கூடக் கால் வைத்ததில்லை. இதைச் சொன்னால் அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். கடற்கரை ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு ஏற்றுமதி ஆபீசில் இருபத்தாறு வருஷமாகக் காகிதம் பார்க்கிறேன். எந்த கன்டெய்னர், என்ன எடை, எந்தத் துறைமுகம், யார் பெயருக்கு, இவ்வளவுதான் என் வேலை. கப்பலை நான் கம்ப்யூட்டரில் வெறும் பெயராகத்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் தெருவில் எனக்குப் பட்டம் 'கப்பல் ஆபீஸ் அம்மா'. ஒருத்தர் தன் மருமகனுக்குக் கப்பலில் வேலை வாங்கித் தரச் சொல்வார், இன்னொருத்தர் சுனாமி மறுபடி வருமா என்று கேட்பார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். நான் என்ன வருண பகவானா?

கீழ் வீட்டில் எங்கள் ஹவுஸ் ஓனர் அம்மா. எண்பத்து மூன்று வயது. ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த காலத்திலிருந்து இதே ஊரில் இருக்கும் குடும்பம். வயலெல்லாம் பிளாட்டான பிறகு இந்த ஒரு வீடும் பின்னால் நாலு முருங்கை மரமும் மிச்சம். கூடவே மகன் இருக்கிறார், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். மோட்டார் போடுவது, கேட்டைப் பூட்டுவது, குடியிருப்பவர்களைக் கண்டிப்பது மூன்றும் ஓனரம்மாவின் இலாகா. பதினொரு வருஷமாக மாதத்துக்கு ஒரு சண்டையாவது போடுகிறோம். அவர் வாயும் சும்மா இருக்காது, என் வாயும் சும்மா இருக்காது.

போன தை அமாவாசை அன்று, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கத்துவதற்காகக் கீழே இறங்கினேன். கூடத்தில் படையல் போட்டிருந்தார்கள். சுவரில் இரண்டு படங்களுக்கு மாலை. ஒன்று ஓனரம்மாவின் அம்மா, நெற்றி நிறையக் குங்குமம். இன்னொன்று மீசைக்காரப் பெரியவர், பெரியப்பா. அப்பா இல்லாத ஓனரம்மாவை வளர்த்து ஆளாக்கிக் கல்யாணம் பண்ணிக்கொடுத்தவர். எத்தனையோ தடவை பார்த்த படங்கள்தான். அன்றைக்கு என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

"அப்பாவுக்குப் படைக்கிறதில்லையாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஓடிப்போனவனுக்கு இன்னாத்துக்குப் படைக்கணும்? எவளாச்சும் சோறு போட்டிருப்பா. உனுக்குத் தண்ணி வர்லன்னா மேல போயி கொயாவ மூடு, போ" என்றார்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நான் மாடிக்கு ஏறிவிட்டேன். நாலு நாள் கழித்து, முட்டி வலியால் மாடிப் பக்கமே வராத அந்த அம்மாள், கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்து என் சமையலறை வாசலில் மூச்சு வாங்க நின்றார். வீட்டைக் காலி பண்ணச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"நீ கப்பல் ஆபீஸ்லதான கீற?"

"ஆமாம்மா. ஆனா கப்பல்ல..."

"தெரியும், தெரியும். குந்து, சொல்றேன்."

அவர் சொன்னது இதுதான். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்து ஜனம் மூட்டை முடிச்சோடு ஓடிவந்த காலம். அவருடைய அப்பாவும் பெரியப்பாவும் துறைமுகத்தில் கரி மூட்டை சுமந்தவர்கள். பெரியப்பா அதற்கு முன்பே இரண்டு தடவை கப்பலில் கரி தள்ளுகிற வேலைக்குப் போய் வந்தவர். சண்டை நடந்துகொண்டிருந்தபோது தம்பி, அதாவது அப்பா, கப்பலேறினார். அம்மாவுக்கு அப்போது மூன்று மாசம். போனவர் போனவர்தான். ஒரு கடுதாசி இல்லை, ஒரு சேதி இல்லை.

"சீமையில வெள்ளைக்காரியக் கட்டிக்கினான்னு ஒருத்தன் சொல்லுவான். ரங்கூன்ல கடை வச்சிகீறான்னு இன்னொருத்தன். எங்கம்மா பாவம், தாலியக் கழட்டவும் இல்ல, தாலியோட ஒரு நல்லதுக்குப் போவவும் இல்ல. ஆரத்தி எடுக்கக் கூப்புட மாட்டாங்க. என்னை ஓடுகாலி பொண்ணுன்னுதான் ஊரே கூப்புடும். பொண்ணு பாக்க வந்தவங்க ரெண்டு பேரு அத்தச் சொல்லியே எழுந்து போய்ட்டாங்க. தெனம் காலைல பல்லு வெளக்கறப்போ அந்தாள ஒரு வாட்டி திட்டிட்டுத்தான் வாய் கொப்புளிப்பேன். இன்னிக்கி வரைக்கும்."

"இப்ப என்னம்மா செய்யணும்?"

"நீ கேட்டதுலேர்ந்து தூக்கம் வர்ல. செத்தானா, ஓடிப்போனானா? அது ஒண்ணு தெரிஞ்சா போதும். நான் போறதுக்குள்ள."

ஒரு மனுஷர் எண்பது வருஷம் கழித்து, கரையில் காகிதம் பார்க்கிற என்னிடம் வந்து இப்படிக் கேட்கிறார். முடியாது என்று சொல்லத் தெரியாமல் இல்லை. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு உள்ளுக்குள் குறுகுறுப்பு தொற்றிக்கொண்டது. ஒரு பெட்டி வழி தவறினால், அது சிங்கப்பூரில் நிற்கிறதா கொழும்பில் நிற்கிறதா என்று கண்டுபிடிக்கும்வரை எனக்குச் சோறு இறங்காது. ஒரு ஆள் எப்படித் தொலைவான்? தாத்தாவின் பெயர், அப்பாவின் பெயர், பெரியப்பாவின் பெயர், ஊர், எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டேன். "உனக்கெதுக்கு ஊர் வம்பு?" என்றார் என் வீட்டுக்காரர். "வீட்டு ஓனர் வம்பு" என்றேன்.

தேடத் தேடத்தான் எனக்கே தெரிந்தது, நான் எவ்வளவு ஞானசூன்யம் என்று. யுத்தம் என்றால் பட்டாளத்துக்காரன்தான் செத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அரிசியும் கரியும் இரும்பும் ஏற்றிப் போன சாதாரணச் சரக்குக் கப்பல்களையும் நீருக்கடியிலிருந்து அடித்து மூழ்கடித்திருக்கிறார்கள். மேல்தட்டில் நின்றவன் குதிக்கவாவது பார்க்கலாம். கீழே கொதிகலனுக்குக் கரி தள்ளிக்கொண்டிருந்தவன் எங்கே ஓடுவான்? அந்த வேலையில் நம் ஆட்கள்தான் ஏகப்பட்ட பேர். கையில் துப்பாக்கி கிடையாது, உடுப்பு கிடையாது. அவர்கள் பேரெல்லாம் வெளிநாட்டில் யாரோ பொறுமையாகப் பட்டியல் போட்டு இணையத்தில் வைத்திருக்கிறார்கள். இத்தனை வருஷம் கப்பல் பேரில் சம்பளம் வாங்கித் தின்றிருக்கிறேன், இது ஒன்றும் தெரியாமல். எனக்கே வெட்கமாகிவிட்டது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பாவை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுத் தேடுவேன். கொரட்டூரிலிருந்து ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் போனில் தேடுவேன். அப்பாவின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. மூன்று வாரம் போச்சு. ஒருநாள் எரிச்சலில், அவர் பெயரை விட்டுவிட்டுத் தாத்தாவின் பெயரைப் போட்டுத் தேடினேன். வந்து நின்றது! இன்னாரின் மகன், ஊர் அம்பத்தூர், வேலை கரி தள்ளுவது, அட்லாண்டிக்கில் கப்பல் மூழ்கி மரணம். கப்பல் பேரும் தேதியும்கூட இருந்தன. ஆனால் அந்த மகனின் பெயர் ஓனரம்மாவின் அப்பா பெயர் இல்லை. பெரியப்பாவின் பெயர்.

மறுபடி மேலிருந்து படித்தேன். பெரியப்பா இந்த வீட்டிலேயே, எழுபது வயதைத் தாண்டி, கட்டிலில் படுத்து, வாயில் பால் ஊற்ற, போய்ச் சேர்ந்தவர். அவர் படத்துக்கு மாலை போட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர் எப்படி சண்டைக் காலத்தில் நடுக்கடலில் சாவார்?

ஆபீசில் ஒரு சூப்பர்வைசர் இருக்கிறார். இளவயதில் பதினைந்து வருஷம் கப்பலில் ஓடியவர். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"அண்ணன் புக்குல தம்பி போயிருப்பான் மேடம்."

"எந்த புக்?"

"கப்பல்காரனுக்கு ஒரு சர்வீஸ் புக் உண்டு. முன்னாடி எந்தெந்தக் கப்பல்ல வேலை பாத்தான், நல்லவனா கெட்டவனா, எல்லாம் அதுல எழுதியிருக்கும். புது ஆளைவிட அனுபவம் உள்ளவனைத்தான் மேஸ்திரி எடுப்பான். அண்ணனுக்கு உடம்பு முடியலைன்னா, அந்த புக்கைத் தம்பி எடுத்துக்கிட்டு அண்ணன் பேர்ல ஏறிடுவான். எனக்குத் தொழில் கத்துக்கொடுத்தவர், அவர் காலத்துல இது ரொம்ப சகஜம்னு சொல்லுவார். வெள்ளைக்காரனுக்கு எல்லா மூஞ்சியும் ஒண்ணுதானே? ஏறினவன் செத்தா, புக்குல இருக்கிறவன் செத்தான்னுதான் கணக்கு."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கீழே போனேன். ஓனரம்மா முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். போனில் இருந்ததைப் படித்துக் காட்டினேன். பெரியப்பா பெயர் வந்ததும் அந்த அம்மாள் பொக்கை வாயைத் திறந்து சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு.

"அட, அந்தக் கதையா! அது எங்க ஊட்டுல எல்லாருக்கும் தெரியுமே! பெரிப்பா செத்துட்டாருன்னு கடுதாசி வந்துச்சாம். அவரே தபால்காரன்கிட்ட கைநீட்டி வாங்கிக்கினாராம். ஆபீசரு எழுதிகீறான், நான் செத்துப் பூட்டேனாம், வெள்ளைக்காரனுக்குக் கண்ணு அவிஞ்சிடுச்சுன்னு சொல்லிச் சிரிச்சாராம். எங்கம்மா இடுப்புல என்னை வச்சிக்கினு, மச்சான் உங்களுக்கு ஆயுசு கெட்டின்னு சொல்லி வுழுந்து வுழுந்து சிரிச்சாங்களாம். கல்யாணம் காட்சின்னு சொந்தக்காரங்க கூடினா இந்தக் கதைதான் ஓடும்."

சொல்லாமல் எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி, அதற்குப் பதில் என் கையில் இருக்கிறது. சர்வீஸ் புக் விஷயத்தைச் சொன்னேன். கப்பலில் இருந்தது தம்பி, காகிதத்தில் இருந்தது அண்ணன். கீரை ஆயும் கை நின்றுவிட்டது.

"எங்கம்மா சிரிச்சாங்கமே" என்றார். "அவங்க புருசன் செத்த கடுதாசிக்கு அவங்களே சிரிச்சாங்களே!"

அப்புறம் உடனே, "இல்ல, இல்ல. பெரிப்பாவுக்குத் தெரிஞ்சிருக்காது. அவரு தங்கமான மனுசன்" என்றார். தன் புத்தகத்தைக் கொடுத்தவருக்குத் தன் பேரில் வந்த சாவு யாருடையது என்று தெரியாமலா இருக்கும்? அதை நான் சொல்லத் தேவை இருக்கவில்லை. அவரே கூடத்துச் சுவரில் பெரியப்பா படத்தைப் பார்த்தார். பிறகு தனக்குத்தானே பேசுகிற மாதிரி ஆரம்பித்தார்.

"எனுக்கு ஏழு வயசு இருக்கும். அமாவாசை. பெரிப்பா ஏரிக்கரையில முழுவிட்டு எள்ளுந்தண்ணியும் எறைச்சிக்கினு இருந்தாரு. எங்க தாத்தா பாத்துட்டாரு. தாத்தா, ஆயா ரெண்டு பேரும் அப்போ கல்லு மாதிரி கீறாங்க. அப்பன் உசுரோட இருக்கசொல்ல புள்ள எள்ளு எறைக்கலாமா? தாத்தா பூவரச வெளார ஒடிச்சி, நான் சாவணும்னு எறைக்கிறியாடான்னு வெளுத்து வாங்கிட்டாரு. கல்யாணம் ஆன ஆளு, புள்ள பெத்த ஆளு. வாயே தொறக்காம அத்தன அடியும் வாங்கிக்கினாரு. அடுத்த அமாவாசைக்கும் போனாரு. அதுக்கும் அடி. பித்துப் பிடிச்சவன்னு ஊர்ல பேசினாங்க."

"யாருக்கு எறைச்சாருன்னு..."

"இப்ப தெரியுதுமே. எங்கப்பனுக்கு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அந்த மனுஷர் ஒரு சாவையே முப்பது வருஷம் வீட்டுக்குள் மறைத்திருக்கிறார். ஏன் என்று நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஆள்மாறாட்டம் என்று போலீஸ் பிடிக்கும் என்ற பயமா? கைக்குழந்தையோடு நிற்கிற தம்பி பெண்டாட்டியைப் பார்த்து, என் புத்தகத்தால்தான் அவன் போனான் என்று சொல்ல வாய் வரவில்லையா? முதல் நாள் சிரித்துச் சமாளித்துவிட்டார், மறுநாள் சொல்லலாம் என்று நினைத்திருப்பார், மறுநாள் இன்னும் கஷ்டமாகியிருக்கும். என்னால் அவரைத் திட்டவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. தம்பி பொண்ணை ஓடுகாலி பொண்ணு என்று ஊரே சொன்னபோது பக்கத்தில்தானே நின்றிருந்தார்?

ஓனரம்மாவுக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. கோபம் வந்துவிட்டது. மகனைக் கூப்பிட்டுப் பெரியப்பா படத்தைக் கழற்றச் சொன்னார். பீரோ மேல் குப்புறப் போட்டார்கள். பத்து நாள் என்னோடு பேச்சில்லை. மோட்டார் போட மறந்து மேல் தொட்டி காய்ந்து கிடந்தது. நான் சண்டைக்குப் போகாமல் குடத்தில் தண்ணீர் தூக்கினேன். மகன்தான் மாடிக்கு வந்து புலம்பினார்: "அக்கா, ராத்திரி பகலா ஒரே பாட்டு. எண்பது வருசமா செத்த மனுசனைத் திட்டிட்டேனே, செத்த மனுசனைத் திட்டிட்டேனேன்னு." கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. நான் இனிமேல் யார் வீட்டுப் படையலையும் எட்டிப் பார்ப்பதில்லை என்று சத்தியம் பண்ணிக்கொண்டேன்.

பதினோராம் நாள் அவரே என்னைக் கூப்பிட்டனுப்பினார். படம் மறுபடி சுவரில் இருந்தது. யார் மாட்டியது என்று நான் கேட்கவில்லை. (இந்த ஒரு தடவையாவது கேட்காமல் இருந்தேன்.)

"தேதி போட்டுகீதுன்னியே. திதி பார்த்துச் சொல்லு" என்றார்.

போனில் பழைய பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். சித்திரை மாதம், தேய்பிறை பஞ்சமி. ஓனரம்மா விரல் மடக்கி எண்ணத் தொடங்கினார். அவர் பிறந்ததும் அதே சித்திரையில்தான், அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் என்று அவர் அம்மா சொல்லியிருக்கிறார். இரண்டு தடவை எண்ணினார். நானும் எண்ணினேன். அவர் பிறந்து பதினேழாம் நாள் கப்பல் மூழ்கியிருக்கிறது.

"அப்போ நான் பொறந்தப்ப உசுரோட இருந்தாரு."

"ஆமாம்மா."

இதுவரை 'அவன்', 'அந்தாள்'. அன்றைக்குத்தான் 'இருந்தாரு' என்று அவர் வாயில் வந்தது. பிறகு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "நீ கப்பல் ஆபீஸ்ல கீற, பொய் சொல்லாத. இங்கேர்ந்து ஒரு கடுதாசி, நடுக்கடல்ல கீற கப்பலுக்குப் போயிச் சேர பதினேழு நாளு போதுமா? பொண்ணு பொறந்த சேதி அவுருக்குத் தெரிஞ்சிருக்குமா?"

அவர் அம்மாவுக்கு எழுதத் தெரியாது. யாராவது எழுதிக் கொடுத்து, தபாலில் சேர்த்து, கப்பல் எங்கே என்று கம்பெனிக்கே தெரியாத நேரத்தில் அது போய்ச் சேர்ந்து... இந்தக் காலத்திலேயே ஒரு காகிதம் ஹாம்பர்க் போக எத்தனை நாள் இழுக்கிறது என்று எனக்குத் தெரியும். 'தெரிஞ்சிருக்கும்மா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். புண்ணியமாகப் போயிருக்கும். ஆனால் ஒரு பொய்யால்தானே இத்தனை வருஷம் இந்த வீடு கெட்டது? இன்னொன்றை நான் வைக்க மாட்டேன்.

"தெரிஞ்சிருக்காதும்மா" என்றேன். எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்தது, அவருக்கு வரவில்லை. "சர்தான்" என்று தலையாட்டிவிட்டு, மோட்டார் போட எழுந்து போனார்.

பட்டியல் வைத்திருப்பவர்களுக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். பெயரைத் திருத்துங்கள், செத்தவர் இவர் இல்லை, இவர் தம்பி என்று. மரியாதையாகப் பதில் வந்தது, ஆதாரம் கேட்டு. ஒரு கிழவர் தன் மகனை எதற்காக அடித்தார் என்பதையெல்லாம் அவர்களுக்கு எப்படி எழுதுவது? இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன், விடுவதாக இல்லை.

இந்தச் சித்திரையில் திதி வந்தது. மகன் பட்டறைக்கு லீவு விட்டுவிட்டுக் காலையில் காசிமேட்டுப் பக்கம் போய்க் கடலில் முழுகி எள் இறைத்துவிட்டு வந்தார். என்னையும் கீழே கூப்பிட்டிருந்தார்கள். ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். அப்பாவுக்குப் படம் கிடையாது, ஒன்றுகூட எடுத்ததில்லையாம். சுவரோரம் ஒரு புது வேட்டி துண்டை மடித்து வைத்து, முன்னால் இலை போட்டிருந்தார்கள். அவருக்கு என்ன பிடிக்கும் என்று சொல்ல ஆள் இல்லாததால், கருவாட்டுக் குழம்பிலிருந்து கேசரி வரை தெரிந்ததையெல்லாம் சமைத்திருந்தார்கள்.

மகன் கற்பூரம் காட்டினார். எல்லோரும் விழுந்து கும்பிட்டோம். ஓனரம்மாவுக்கு முட்டி மடங்காது. ஆனாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி, காலை நீட்டி, அந்த இலைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். முந்தானையை இழுத்துச் சரிபண்ணிக்கொண்டார். வேட்டி துண்டைப் பார்த்துக் கொஞ்ச நேரம் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். பெரியப்பாவைப் 'பெரிப்பா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அப்பாவைக் கூப்பிடும் வார்த்தையைச் சொல்ல அவருக்கு இதுவரை ஆள் இருந்ததில்லை.

"நைனா" என்றார். "உனுக்குப் பொண்ணு பொறந்துகீது நைனா. நான்தான்."